மலாக்காத் தோட்டங்களில் சிலம்பமும் காவல் தெய்வ வழிபாடும்

சிலம்பம், கம்பை முதன்மைக் கருவியாகக் கொண்ட தமிழர் தற்காப்புக் கலை. மலேசியாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழர்களோடு இதுவும் கப்பலேறியது. மலாக்கா மாநிலத்தில் நகரை அடுத்துள்ள குருபோங், செங், பாயா ரும்புட், சற்றுத் தள்ளி டுரியான் துங்கல் ஆகிய ஊர்களின் தமிழரிடையே சிலம்பத்தை வெறும் விளையாட்டு என்று சொன்னால் பழைய ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அது கோயில் காரியம்.

தோட்டக் கோயில் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு அருகில் மாரியம்மன் இருப்பாள். ரப்பர் மரங்கள் தொடங்கும் ஓரத்திலோ, சாலை முக்கிலோ முனியாண்டியும் மதுரை வீரனும் இருப்பார்கள். அம்மன் மழைக்கும் நோய்க்கும் பொறுப்பு, எல்லை இவர்களுடையது. இருட்டில் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவனுக்குப் பாம்பும் காட்டுப்பன்றியும் சாதாரணம், ஒரு காலத்தில் புலியும் உண்டு. அவன் கும்பிட்டுவிட்டுப் போன தெய்வத்தின் கையில் அரிவாள் இருந்தது. தெய்வம் செய்வதற்கும் மனிதன் செய்வதற்கும் ‘காவல்’ என்ற ஒரே சொல்தான். எல்லைச்சாமி முன்னால் கம்பைப் படைத்து எடுக்கும் வழக்கத்துக்கு இதைவிடப் பெரிய தத்துவம் தேவைப்படவில்லை.

பயிற்சி

தோட்டத்து ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் பொழுது விடியுமுன் நிற்க வேண்டும். மதியத்துக்குள் பால் எடுத்து முடித்தால், வெயில் தாழ்ந்த பிறகுதான் உடம்பு தனக்குச் சொந்தம். கோயில் திடல் அப்போது களமாகும். புதிதாய்ச் சேருகிறவன் வெற்றிலை பாக்கு வைத்து வாத்தியாரை வணங்குவான். உடனே கம்பு கைக்கு வராது, முதலில் காலடிதான். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எடை மாற்றி வைக்கும் இந்த அடிவரிசை கெட்டுப்போனால், மேலே எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் ஒரு வாரலில் கீழே கிடப்பான். வீச்சு, வெட்டு, குத்து, பூட்டு எல்லாம் பிறகு. மலேசியாவில் பெயர்பெற்ற ஒரு பிரிவுக்கு நிலைக்கலக்கி என்றே பெயர். எதிராளியின் நிற்பைக் குலைப்பது என்பது அதன் பொருள். கையைவிடக் காலைப் பார் என்று வாத்தியார்கள் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

கம்பு நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. தமிழ்நாட்டில் மூங்கில் பெரிதும் பயன்பட, மலாயாவில் காட்டிலேயே கிடைத்த பிரம்பு கைகொடுத்தது. ‘ரோத்தான்’ என்ற மலாய்ச் சொல் மலேசியத் தமிழில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கம்போடு குத்துவரிசை, மான்கொம்பு, சுருள்வாள் ஆகியனவும் பயிலப்பட்டன. ஆட்டம் தொடங்குமுன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நான்கு திசைக்கும் வணக்கம் போடுவது விடாத ஒழுங்கு. திருவிழாவில் உறுமியும் பறையும் முழங்க, தீப்பந்தம் கட்டிச் சுற்றுவதும் உண்டு. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்களில், ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) படத்தில் எம்.ஜி.ஆர். கம்பெடுத்ததைப் பார்த்துவிட்டு மறுநாளே கம்பு தேடிய பையன்களையும் சேர்த்துத்தான் இந்தக் கலையின் வரலாற்றை எழுத வேண்டும்.

விரதமும் உடம்பும்

உடலைத் தயார் செய்வது வழிபாட்டின் பகுதி என்பதற்குச் சிலம்பம் மட்டுமே சான்று அல்ல. மாசி மகத்தன்று, மலாக்கா நகரின் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. காவடி எடுப்பவர் நாள் கணக்கில் மரக்கறி உண்டு, மது விலக்கி, தரையில் படுத்து வந்திருப்பார். வெயிலில் அந்தப் பாரத்தைத் தாங்கி நடக்க, பக்தி மட்டும் போதாது.

கெடா மாநிலத்தில் இதே உடற்கட்டுப்பாடு அரசியலாகவும் மாறியது. ஜப்பானியர் காலம் முடிந்த கையோடு, 1946 வாக்கில் பெடோங் பகுதியில் ஏ. எம். சாமி நடத்திய தொண்டர் படை, தோட்ட இளைஞர்களைச் சீருடையில் அணிவகுக்க வைத்துக் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நிறுத்தியது. 1947இல் போலீஸ் அதை ஒடுக்கியது. அந்தப் படை கேட்டது முதலில் குடியை விட்ட உடம்பு, பிறகுதான் கூலி உயர்வு. தோட்ட முதலாளிகளுக்கு இந்த வரிசை எரிச்சலூட்டியிருக்க வேண்டும்.

இதற்கு இணையான எண்ணம் உலகின் வேறு மூலையிலும் உண்டு. ஐஸ்லாந்தில் பழைய நார்டிக் தெய்வங்களை வணங்கும் ஆசாத்ரு சமயத்துக்கு 1972இல் அமைப்பு உருவாகி, மறு ஆண்டு அரசு அங்கீகாரம் கிடைத்தது. இதைப் பின்பற்றுவோர் சிலர் உடல்வலுவையும் தற்காப்பையும் சமயக் கடமையாகவே எண்ணுகின்றனர்; அந்நாட்டின் மரபு மல்யுத்தமான கிளிமாவும் அவர்கள் நாடும் கலைகளில் ஒன்று. அவர்களுடைய இடித் தெய்வம் தோர், ஒரு கிழவியோடு மல்லுக்கு நின்று ஒரு முழங்கால் ஊன்றிய கதை உண்டு. அந்தக் கிழவி முதுமையே. ஒரு வேறுபாடு மட்டும் முக்கியம்: அங்கே அறுந்த மரபைத் தேடி எடுத்துச் சேர்த்தார்கள், மலாக்காவில் அறுபடாத ஒன்றை இடம் மாற்ற வேண்டியிருந்தது.

அண்டை வீடும் புதிய திடலும்

மலாக்கா, மலாய்க்காரரின் தற்காப்புக் கலையான சீலாட்டின் கதைகள் பிறந்த மண். ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் இங்கத்திய வீரர்கள். மலேசிய சீலாட் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சிலம்பத்திலிருந்துதான் சீலாட் வந்தது என்று மேடைகளில் சொல்லக் கேட்கலாம். பெயர்களின் ஒலி ஒற்றுமை சான்றாகாது. ‘குரு’ என்ற சொல் இரண்டு களத்திலும் ஒலிப்பது உண்மை. அதற்கு மேல் அடித்துச் சொல்ல ஆதாரம் போதவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தோட்டமே போய்த் தாமானும் (வீடமைப்புப் பகுதி) தொழிற்சாலையும் வந்தன. குருபோங்கில் இன்று தொழிற்பேட்டை இருக்கிறது. ஹங் ஜெபாட் பெயர் தாங்கிய, சுமார் 40,000 பேர் அமரக்கூடிய விளையாட்டரங்கமும் அந்த வட்டாரத்தில்தான். லயம் கலைந்தால் முதலில் போவது கோயில் திடல். சாமியை வேறு கூரைக்கு மாற்றலாம். கம்பு சுற்றும் அளவு வெற்றிடத்தை மாற்ற முடியாது. ஆகவே சிலம்பம் தமிழ்ப்பள்ளி வளாகத்துக்கும் பொது மண்டபத்துக்கும் நகர்ந்தது. 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற கழகங்கள், நடுவர், வட்டக் களம், தொடுமுறைப் புள்ளி, எடைப் பிரிவு என்று ஒரு விளையாட்டின் உடையை அது போட்டுக்கொண்டது. பெண் பிள்ளைகள் இன்று தயங்காமல் கம்பெடுக்கிறார்கள், இந்த மாற்றத்தின் நல்ல பக்கம் இது. இழந்தது இரவு நேரம்: பந்தம், உறுமி, சாமி வரும் வரை காத்திருத்தல். போட்டியில் ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தரை வணக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. தொடுவது மண்ணை அல்ல, சிமெண்டுத் தரையை.