தன்னையே செரிக்கும் உறுப்பு

உயிர் பிரிந்த உடலில் முதலில் கெடுகிற உறுப்புகளில் ஒன்று குடல். நாம் உண்ட சோற்றையும் பருப்பையும் கரைத்த நொதிகள், இரத்த ஓட்டம் நின்றதும் குடலின் உட்சுவரையே கரைக்கத் தொடங்கிவிடும். உள்ளே குடியிருக்கும் கிருமிகளும் அதில் சேர்ந்துகொள்ளும். உட்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியிலிருக்கும் செல்கள்தான் முதலில் உதிரும். ஒரு மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் ஸ்லைடு தயாரித்தே பணி ஓய்வு பெற்றவள் நான். தாமதமாக வந்த குடல் துண்டு எப்படியிருக்கும் என்று நன்றாகத் தெரியும்: நுண்ணோக்கியில் வைத்தால் உருவம் இழந்த இளஞ்சிவப்புக் குழம்புதான். செரிமான மண்டலத்தின் நுண்ணமைப்பை உலகம் அறிந்ததற்கு நுண்ணோக்கிக்கு எவ்வளவு நன்றி சொல்கிறோமோ, அவ்வளவு நன்றியைத் திசுவைக் கெடாமல் நிறுத்தக் கற்ற கைகளுக்கும் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் அந்தக் கலை யாருக்கும் கைவரவில்லை. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் ஜொஹான் கான்ராட் பேயர், பின்சிறுகுடலின் உட்புறத்தில் நீள்வட்டத் திட்டுகள் இருப்பதை 1677இல் எழுதினார். அடுத்த பத்தாண்டில் பிரன்னர் முன்சிறுகுடலின் சுரப்பிகளை விவரித்தார். 1745இல் பெர்லின்காரரான லீபர்கூன், குடலின் இரத்தக் குழாய்களுக்குள் நிறமேற்றிய மெழுகைச் செலுத்திக் குடலுறிஞ்சிகளை ஆராய்ந்தார். அவற்றின் அடியிலுள்ள குழிகள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. இவர்களிடம் செல்களுக்கு ஏற்றும் சாயமும் இல்லை, மெல்லிய சீவலும் இல்லை. புதிய குடலை விரித்து, கழுவி, கெடுவதற்குள் பார்த்து முடித்தார்கள்.

பாரிஸின் சேவியர் பிஷா கெடுவதையே கருவியாக்கினார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. உறுப்புகளை ஊறவைத்தார், வேகவைத்தார், அழுகவிட்டார், அமிலத்தில் போட்டார். எந்த அடுக்கு எப்போது பிரிகிறது என்று கவனித்து உடலில் 21 வகைத் திசுக்கள் இருப்பதாக வகுத்தார். சவ்வுகளைப் பற்றிய அவருடைய நூல் 1800 வாக்கில் வந்தது. 1802இல், முப்பது வயதில், அவர் இறந்துபோனார். கோழைப்படலம், தசையடுக்கு, வெளிச்சவ்வு என்று குடல் சுவரை அடுக்கடுக்காக நாம் இன்று படிப்பதில் அவருடைய பங்கு பெரியது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் குரோமிக் அமிலமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் வந்தன. திசுவை இறுக்கி வைக்கும் இந்த மருந்துகளுக்குப் பிறகு கண்டுபிடிப்புகள் நெருக்கமாக வரத் தொடங்கின. மைஸ்னர் 1857இல் கோழைப்படலத்துக்குக் கீழுள்ள நரம்புப் பின்னலையும், அவர்பாக் 1860களில் தசையடுக்குகளுக்கு நடுவிலிருக்கும் பின்னலையும் கண்டார்கள். 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர் முயலின் கணையத்தை ஆராய்ந்து, செரிமானச் சுரப்பிகளுக்கு இடையே தனித்திருக்கும் சிறு செல் கூட்டங்களைத் தன் பட்ட ஆய்வேட்டில் விவரித்தார். அவை எதற்கு என்று தெரியவில்லை என்பதையும் நேர்மையாக எழுதிவைத்தார். இன்சுலின் அங்கிருந்துதான் வருகிறது என்று உலகம் உறுதியாக அறியும் முன்பே அவர் காலமாகிவிட்டார். 1870இல் பிரெஸ்லாவின் ஹைடன்ஹைன், இரைப்பைச் சுரப்பிகளில் இருவகைச் செல்கள் உள்ளன என்று பிரித்துக் காட்டினார். ஒன்று பெப்சினையும் மற்றொன்று அமிலத்தையும் சுரக்கிறது.

செல்களுக்கு நிறம் கொடுத்தது துணிச் சாயத் தொழில். மெக்சிகோவின் காம்பீச்சே பகுதி மரமொன்றின் வைரத்திலிருந்து எடுத்த சாயத்தை ஐரோப்பியர் நூற்றாண்டுகளாகத் துணிக்கு ஏற்றிவந்தார்கள். அதுதான் ஹீமடாக்சிலின். தனியாகப் போட்டால் அது திசுவைச் சரியாகப் பிடிக்காது. 1865இல் போமர் அதனோடு படிகாரத்தைச் சேர்த்தார். செல்களின் உட்கருக்கள் தெளிவான நீலமாக எழுந்தன. சாயம் பற்றப் படிகாரம் போட வேண்டும் என்பது நம் சோழமண்டலக் கரைச் சாயக்காரர்களும் வழிவழியாக அறிந்த நுட்பம். அடுத்த பத்தாண்டில் ஜெர்மன் சாயத் தொழிற்சாலையிலிருந்து இயோசின் வந்து மற்றவற்றைச் சிவப்பாக்கியது. நாங்கள் 'ஹெச் அண்ட் இ' என்று அழைக்கும் அந்த இணைச் சாயம்தான் இன்றும் உலகின் பெரும்பாலான திசு ஆய்வகங்களில் முதலில் போடப்படுவது.

1893இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஃபெர்டினாண்ட் பிளூம், ஃபார்மால்டிஹைடு கிருமிகளைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல, திசுவின் புரதங்களை அது இருந்த இடத்திலேயே இறுக்கிவிடுகிறது. அன்று தொடங்கிய, அதன் நீர்க்கரைசலான ஃபார்மலினின் ஆட்சி இன்னும் முடியவில்லை.

ஃபார்மலினில் ஊறிய துண்டைப் படிப்படியாக ஆல்கஹாலில் நீர் நீக்கி, சைலீனில் தெளியவைத்து, உருகிய பாரஃபின் மெழுகில் ஏற்றி, பிளாக்காக வார்ப்போம். மைக்ரோடோமில் 4 அல்லது 5 மைக்ரான் கனத்துக்குச் சீவினால் நாடாவாக வரும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்துவோம். குடல் துண்டை மெழுகில் விளிம்பு நிமிர நிறுத்த வேண்டும். படுக்கவைத்தால் குடலுறிஞ்சிகள் குறுக்கே வெட்டுப்பட்டு வட்டவட்டமாகத் தெரியும். அவற்றின் உயரத்தை அளக்கவே முடியாது. வைக்கும் கோணம் தவறினால் மருத்துவர் எழுதும் முடிவும் தவறலாம்.

இந்தக் கவலை எவ்வளவு பெரியது என்பதற்குச் சீலியாக் நோயே சாட்சி. கோதுமையிலுள்ள குளூட்டனால் வரும் இந்த நோயில் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. பிணப் பரிசோதனையில் அப்படிக் கண்டபோதெல்லாம், இறந்தபின் அழுகியதால் வந்த மாற்றமோ என்ற ஐயம் தீரவில்லை. 1954இல் இங்கிலாந்தின் ஜான் பாலி, உயிருள்ள நோயாளிகளுக்கு அறுவை செய்தபோது எடுத்த துண்டுகளிலும் அதே தட்டைத்தன்மையைக் காட்டினார். 1956இல் மார்கோ ஷைனர், வாய் வழியே குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து துண்டெடுக்கும் முறையை வெளியிட்டார். 1957இல் அதே வேலைக்கான கிராஸ்பியின் கேப்சூல் வந்தது. அதன்பின் குடலை உயிரோடு இருக்கும்போதே படிக்க முடிந்தது.

அந்த முறை சில ஆண்டுகளில் வேலூருக்கும் வந்தது. 1960களில் வட ஆற்காடு கிராமங்களில் ஸ்புரூ என்ற உறிஞ்சாமை நோய் கொள்ளைநோயாகப் பரவியது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள். நோயற்ற தென்னிந்தியரின் குடலுறிஞ்சிகள்கூட ஐரோப்பியப் பாடநூல் படங்களில் உள்ளதுபோல் விரல் வடிவில் இல்லாமல், அகன்று இலை வடிவில் இருப்பது பலரிடம் தெரிந்தது. 'இயல்பு' என்று நூலில் அச்சிட்டிருப்பது எல்லா ஊர் மக்களுக்கும் பொருந்தாது என்று நம் ஊர் ஏழைகளின் குடல் மருத்துவ உலகுக்குச் சொன்னது. இதை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் படித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வாசகரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எண்டாஸ்கோப்பியில் எடுத்த துண்டை ஒரு பாட்டிலில் போட்டு, "வெளி லேபில் கொடுத்துவிடுங்கள்" என்று உறவினர் கையில் தருவது நம் ஊரில் சாதாரணம். அப்படிக் கொடுத்தால், உள்ளே இருப்பது ஃபார்மலின்தானா என்று கேளுங்கள். சலைனோ வெறும் தண்ணீரோ ஃபார்மலினுக்கு ஈடாகாது. துண்டு நன்றாக மூழ்கியிருக்கிறதா, பெயரும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வழியில் தாமதிக்காமல் கொண்டு சேருங்கள். கெட்டுப்போன திசுவை எந்தச் சாயமும், எந்த நிபுணரும் மீட்க முடியாது.