கேட்டமரான்
தமிழின் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் பெற்ற வடிவம். சோழமண்டலக் கரை மீனவர்கள் மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செலுத்திய கலத்தையே முதலில் குறித்தது. கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல் வருகிறது. அப்புறம் பொருள் தடம் மாறியது. 1804இல் பிரான்சின் புலோன் துறைமுகத்தைத் தாக்க பிரிட்டிஷ் கடற்படை மிதக்கவிட்ட, அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் இதே பெயர். 19ஆம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கில் வாயாடிப் பெண்ணையும் இப்படி ஏசினார்கள். பூனையின் ஆங்கிலப் பெயர் முன்னால் ஒலிப்பது காரணமாகலாம்.

இரட்டை உடல் படகு என்னும் இன்றைய பொருள் பரவியதில் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெரஷாஃபுக்குப் பெரும் பங்குண்டு. அவரது இரட்டை உடல் படகு 'அமரில்லிஸ்' 1876இல் நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளைத் திணறடித்தது. உண்மையில் அவ்வகைப் படகு பாலினேசியத் தோணிக்கே நெருங்கிய உறவு. கட்டுமரத்துக்குக் குழிந்த உடலே கிடையாது. ஏறும் அலைநீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும்.