வேலை போகும் நாளுக்கான சந்தா

ஆட்குறைப்புக்கு ஈட்டுத்தொகை தரவேண்டும் என்று சட்டங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, இங்கிலாந்தின் கைத்தொழிலாளர்கள் வேலை கையில் இருக்கும்போதே அது போய்விடும் நாளுக்காகப் பணம் சேர்க்கும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். 18-ஆம் நூற்றாண்டில் ஆட்டுக்கம்பளியைச் சீவிப் பதப்படுத்துவோரிடமும், பின்னர் அச்சுக்கோப்போர், தச்சர், எந்திரத் தொழிலாளர் ஆகியோரிடமும் இவ்வழக்கம் வேலை தேடி ஊர் ஊராக நடக்கும் ஏற்பாடாக நிலவியது. சந்தா பாக்கியில்லாத உறுப்பினர் வேலையிழந்தால், சங்கம் அவருக்கு ஓர் அடையாளச் சீட்டைத் தரும். அதனுடன் அவர் அடுத்த ஊருக்கு நடந்துபோய், அவ்வூர்ச் சங்கத்தார் கூடும் மதுவிடுதியில் சீட்டைக் காட்டினால், இரவு உணவும் படுக்கையும் சிறு தொகையும் கிடைக்கும். அங்கே வேலை இருந்தால் தங்குவார், இல்லையேல் மறுநாள் நடையைத் தொடர்வார்.

இதனை வெறும் அறச்செயலாகக் கருதினால் அதன் உட்பொருள் தவறிப்போகும். பசித்தவன் கிடைத்த கூலிக்கு இசைவான், அவன் இசைந்தால் ஊரில் எல்லோருடைய கூலியும் இறங்கும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்த தொழிலாளர்கள், வேலையற்றவரைக் காப்பதன் வழியே வேலையிலிருப்பவரின் கூலியைக் காத்தனர். ஆனால் குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் நடக்க நேர்ந்தவர்களுக்கு இது கொடிய வாழ்க்கையாகவே இருந்தது. மேலும், 1840-களின் தொடக்கத்தில் தொழில் மந்தம் நாடு முழுவதையும் ஒருசேரப் பிடித்தபோது, எந்த ஊருக்குப் போனாலும் வேலை இல்லை என்ற நிலை வந்து, இவ்வேற்பாட்டின் அடிப்படையே ஆட்டம் கண்டது.

ஆகவே, உறுப்பினர் இருந்த ஊரிலேயே இருந்து உதவி பெறும் முறை மெல்ல மெல்ல மேலோங்கியது. 1851-இல் உருவான ஒருங்கிணைந்த பொறியியலாளர் சங்கம் இதற்குச் சிறந்த சான்றாகும். வாரம் 1 ஷில்லிங் சந்தா செலுத்திய உறுப்பினர், வேலையிழந்தால் முதல் 14 வாரங்களுக்கு வாரம் 10 ஷில்லிங் பெற்றார், அதன்பின் தொகை குறைந்தது. வேலையற்றோர் தம் பெயரை எழுதிவரக் கிளைதோறும் ஒரு பதிவேடு இருந்தது. வேலையிலிருப்போர் தம் பட்டறையில் இடம் காலியானால் சங்கத்துக்குத் தெரிவித்தனர். தன் குற்றத்தால் வேலையிழந்தவருக்கு உதவி இல்லை. வழக்கமான கூலிக்குக் குறைந்த வேலையை மறுத்தவருக்கோ உதவி தொடர்ந்தது. இந்தப் பிற்கூறிய விதியே அந்நிதியின் உயிர்நாடி எனலாம்.

எனினும், வாரம் 1 ஷில்லிங்கை ஒதுக்குவது திறன்பெற்ற தொழிலாளரால்தான் இயன்றது. ஆட்குறைப்பின் அடி முதலில் விழுந்த துறைமுகக் கூலிகளுக்கும் அன்றாடங்காய்ச்சிகளுக்கும் இக்காப்பு எட்டவே இல்லை. இது இவ்வரலாற்றின் பெருங்குறை. சங்க நிதிக்குப் பொதுப்பணமும் துணைநிற்கும் வழிகள் பின்னர் தோன்றின. பெல்ஜியத்தின் கெண்ட் நகராட்சி, சங்கங்கள் வழங்கும் வேலையின்மை உதவியோடு பொதுப்பணத்திலிருந்து ஒரு பங்கைச் சேர்த்துத் தரும் முறையை 1901-இல் தொடங்கியது. கெண்ட் முறை என்று பெயர் பெற்ற இது டென்மார்க்கிலும் பின்னர் சுவீடனிலும் வேரூன்றியது.

பிரிட்டனோ கட்டாயக் காப்பீட்டு வழியைத் தேர்ந்தது. 1911-ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலிய, வேலை அடிக்கடி ஏறியிறங்கும் சில தொழில்களில் இருந்த ஏறத்தாழ 22.5 லட்சம் பேரைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. தொழிலாளியும் முதலாளியும் வாரம் தலா இரண்டரை பென்ஸ் செலுத்த, அரசும் தன் பங்கை அளித்தது. வேலையற்றவருக்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரங்களுக்குக் கிடைத்தது. தொகை சிறிதுதான். ஆயினும், வேலைநிறுத்தத்தால் காலியான இடத்தையோ, அவ்வட்டாரத்தில் நிலவும் கூலிக்குக் குறைந்த வேலையையோ மறுத்ததற்காக ஒருவரின் உதவி பறிபோகாது என்ற விதி அச்சட்டத்தில் இடம்பெற்றது. சங்கங்கள் தம் உறுப்பினரின் சந்தாவைக் கொண்டு காத்துவந்த உரிமை, இவ்வாறு சந்தா கட்ட வழியற்றிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கும் சட்டப்படி உரியதாயிற்று.