திருமணம் ஆகாத கைம்பெண்

முதுகலை மாணவி ஒருத்தி எனக்கு ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாழடைந்த மாளிகை, மூடுபனி, செத்தவர்களின் குரல், அத்தனைக்கும் நடுவே ஆவி வழக்குகளைத் துப்பறியும் ஒரு பெண். "இப்படி யாரும் இருந்திருக்க மாட்டாங்க மேடம், ஆனா படிக்க நல்லாருக்கு" என்றாள். இருந்தார். பெயர் ரோஸ் மெக்கன்பெர்க். 1892இல் பிறந்த நியூயார்க் புருக்ளின்காரர். தொழில், தனியார் துப்பறிவாளர்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் கற்பனைப் பெண்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1794இல் ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலில் எமிலி விளக்கை ஏந்திக்கொண்டு கோட்டையின் இருட்டுக்குள் போகிறாள். கறுப்புத் திரைக்குப் பின்னால் அவள் பார்த்து மயங்கி விழுவது பிணம் போன்ற ஒன்றை. கடைசியில் அது வெறும் மெழுகு உருவம் என்று தெரியவருகிறது. கோட்டையின் உண்மையான பயங்கரம் மோன்டோனி. அவனுக்கு வேண்டியது பெண்களின் சொத்தும் அதற்கான கையெழுத்தும். பேயைத் தேடிப் போன பெண் பத்திரத்தோடு நிற்கும் ஆணைக் கண்டாள் என்பதால்தான் அந்த நாவலை நான் இன்னும் விரும்புகிறேன். பிறகு வந்த லெ ஃபானுவின் ஹெஸ்ஸீலியஸ், ஹோப் ஹாட்ஜ்சனின் கார்னாக்கி என்று ஆவித் துப்பறிவாளர்கள் பெரும்பாலும் ஆண்களே. 1920இல் எல்லா ஸ்க்ரிம்சர் ஷீலா க்ரீரர் என்ற பெண்ணை வைத்துக் கதைகள் எழுதியது அபூர்வமான விலக்கு. நம்மிடமும் பேய்க்கதையில் பெண் என்றால் அவளே பேய்தான். ஆனாலும் நீலகேசியை மறக்க முடியாது. துறவியை மிரட்ட வந்த இடத்தில் தோற்றுப்போய், பிறகு சமயவாதிகளை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று கேள்வி கேட்டவள் அவள்.

ரோஸின் காலத்துக்கு வருவோம். முதல் உலகப்போரில் அமெரிக்கா ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படைவீரர்களை இழந்தது. 1918இல் தொடங்கிய ஃப்ளூ ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோனது. பிணத்தைக்கூடப் பார்க்காத தாய்மாரும் மனைவிமாரும் மீடியம்களைத் தேடிப் போனார்கள். செத்தவர்களோடு பேசித் தருவதாகச் சொன்னவர்கள் அவர்கள். இருட்டறையில் எக்காளம் மிதக்கும், மெல்லிய துணி ஆவியாக நகரும், மகன் பேசுவான். கணவன் விட்டுப்போன பணத்தை எதில் போடலாம் என்று கணவனின் ஆவியே யோசனை சொல்வதும் உண்டு.

மந்திரக்கலைஞர் ஹூடினி இவர்களை அம்பலப்படுத்தக் கிளம்பியபோது, 1920களின் நடுவில், ரோஸ் அவருடைய புலனாய்வுக் குழுவில் சேர்ந்தார். ஹூடினியின் நிகழ்ச்சி நடக்கவிருக்கும் ஊருக்குச் சில நாள் முன்பே போய்விடுவார். பள்ளி ஆசிரியை, வேலைக்காரப் பெண், சந்தேகப்படும் மனைவி என்று எத்தனையோ வேடம். அதிகம் பலித்தது கைம்பெண் வேடம். நம் ஊரில் கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் பார்ப்பார்கள். அங்கே கைம்பெண் வாசலில் நின்றால் கதவு உடனே திறந்தது, கையில் பணம் இருக்கும் என்று. ரோஸ் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் இறந்துபோன அவருடைய 'கணவர்கள்' ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மறுவுலகத்திலிருந்து அவருக்குச் செய்தி அனுப்பினார்கள். பெறாத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்களில் ஒன்று ஃபிரான்சஸ் ராட். ஆங்கிலத்தில் முதலெழுத்தைக் குடும்பப்பெயரோடு சேர்த்துப் படித்தால் 'ஃப்ராட்' என்று வரும், அதாவது மோசடி. எந்த ஆவியும் அதைப் படித்துச் சொல்லவில்லை. பணம் கட்டி ஆறு முறை ஆவியுலகச் சபைகளில் குருப்பட்டமும் வாங்கினார்.

1926இல் தலைநகர் வாஷிங்டனில் காசுக்குக் குறி சொல்வதைத் தடைசெய்யும் மசோதா ஒன்று நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு வந்தது. மே மாதம் ரோஸ் சாட்சி சொன்னார். செனட்டர்கள் தன்னிடம் வருவதாகவும் வெள்ளை மாளிகையிலேயே ஆவி அமர்வுகள் நடந்ததாகவும் ஜேன் கோட்ஸ் என்ற மீடியம் தன்னிடம் சொன்னார் என்றார். அறையில் கூச்சல். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்து அப்போது ஆறே ஆண்டு. அந்த மசோதா நிறைவேறவில்லை.

இதுவரை ரோஸைக் கொண்டாட எனக்குத் தடையில்லை. சங்கடம் இனிமேல்தான். ராட்கிளிஃபின் எமிலி கடைசியில் எதிர்கொண்டது ஓர் ஆணை. ரோஸ் விலக்கிய திரைகளுக்குப் பின்னால் பல நேரம் இருந்தது இன்னொரு பெண், வாடகை கட்ட வேண்டிய பெண். 1848இல் நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் கிராமத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் சுவரில் தட்டும் சத்தத்தோடு இந்த இயக்கத்தைத் தொடங்கிவைத்தபோது, பெண் மேடையேறிப் பேசுவதே கேவலம். ஆவி தன் வழியாகப் பேசுகிறது என்று சொன்ன பெண் மட்டும் பேசலாம், பணமும் வாங்கலாம். கோரா ஹாட்ச் பதின்பருவத்திலேயே அரங்கம் நிறையக் கூட்டம் சேர்த்தார். 1872இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற விக்டோரியா வுட்ஹல் ஆவியுலக இயக்கத்தில் வளர்ந்தவர். ஃபாக்ஸ் சகோதரிகளில் ஒருவரான மேகி 1888இல் மேடையேறித் தன் கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கிக் காட்டி, நாற்பது வருடமாகக் கேட்ட சத்தம் இதுதான் என்றார். மறுவருடம் அதையும் மறுத்தார். வறுமையில் செத்தார். அவரைப் பொய்க்காரி என்று ஒரே சொல்லில் முடித்துவிட என்னால் ஆகவில்லை. சொந்தக் குரலுக்குக் காது கொடுக்காத ஊரில் செத்தவன் குரலை எடுத்துக்கொண்டவர் அவர். அதற்காக, பிள்ளையைப் பறிகொடுத்தவளின் சேமிப்பைக் கரைத்தவர்களை மன்னிக்கவும் முடியவில்லை. அந்தக் கணக்கில் நான் ரோஸ் பக்கம்தான்.

1926 அக்டோபர் 31இல் ஹூடினி இறந்தார். ரோஸ் விடவில்லை. பல ஆண்டுகள் தனியாகவே துப்பறிந்தார், நாளேடுகளில் எழுதினார், எக்காளத்தோடு மேடையேறித் தந்திரங்களை விளக்கினார். 1968இல் காலமானார்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பெரியம்மாவின் மூத்த மகன் கிணற்றில் மூழ்கி இறந்தான். பக்கத்து ஊரில் குறி சொல்கிற அம்மாவிடம் பெரியம்மா அமாவாசைதோறும் போகத் தொடங்கினாள். முதல் தடவையே அருள் வந்து, "அம்மா, பசிக்குதும்மா" என்று அண்ணன் குரலில் பேசியதாம். அன்றைக்கு ராத்திரிதான் பெரியம்மா பல நாளுக்குப் பிறகு தூங்கினாள். எங்கள் தெருவில் பூ விற்கிற அக்கா அதற்கு முந்தின நாள் அந்த அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். சொல்லவில்லை. ஆறாவது மாதம் பெரியம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அப்போது சொன்னேன்.

"எல்லாம் தெரிஞ்சவ மாதிரி பேசாதடி" என்றாள். மூன்று மாதம் என்னோடு பேச்சில்லை. நாலாவது அமாவாசைக்கு என்னையே துணைக்குக் கூப்பிட்டாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள்.