உறுதியளித்த வேகமும் இயலும் வேகமும்

செயலியின் மீது அச்சிடப்படும் வேக எண் அதன் இயற்பியல் எல்லையைக் குறிப்பதன்று. அந்த வேகத்தில் பிழையின்றி இயங்கும் என்று தயாரிப்பாளர் அளிக்கும் உறுதியை மட்டுமே குறிக்கிறது. ஒரே வகைச் சில்லுகளைச் சோதித்து வெவ்வேறு வேகங்களாகத் தரம் பிரிப்பதும், மலிவான ரகத்துக்குத் தேவை மிகும்போது உயர்தரச் சில்லுகளுக்கும் குறைந்த எண்ணை இட்டு விற்பதும் இத்தொழிலின் வழக்கம். உறுதியளித்த வேகத்துக்கும் இயலும் வேகத்துக்கும் இடையே எஞ்சும் அந்த இடைவெளியைப் பயனரே எடுத்துக்கொள்ளும் முயற்சி ஓவர்கிளாக்கிங் எனப்பட்டது.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 47.7 லட்சம் துடிப்புகளில், இயங்கியது. அக்கால விளையாட்டுகள் பலவும் இந்த வேகத்தையே காலக்கணக்காகக் கொண்டு எழுதப்பட்டதால், வேகமான கணினிகளில் அவை ஆட முடியாத விரைவில் ஓடின. அதனால்தான், பெயருக்கு மாறாக வேகத்தைக் குறைக்கப் பயன்பட்ட டர்போ பொத்தான் கணினிப் பெட்டிகளில் இடம்பெற்றது. 1984இன் பிசி ஏடியில் துடிப்பை உண்டாக்கும் குவார்ட்ஸ் படிகத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தி, 6 மெகாஹெர்ட்ஸ் செயலியைப் பயனர்கள் 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினர். ஐபிஎம் பின்னர் பயாஸிலேயே, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலிலேயே, வேகச் சோதனையைப் புகுத்தி அதைத் தடுத்தது.

1992இன் 486டிஎக்ஸ்2 முதல் செயலியின் வேகம் இரு எண்களின் பெருக்கலாயிற்று: மதர்போர்டின் பாதை வேகம் ஒன்று, செயலிக்குள் அமைந்த பெருக்கி மற்றொன்று. குறைந்த வேகச் சில்லுகளின் எண்ணை மாற்றி அதிக விலைக்கு விற்ற மோசடிக் கும்பல்களைத் தடுக்க இன்டெல் பெருக்கியைப் பூட்டியபோது, பாதை வேகத்தைக் கூட்டும் வழி மட்டும் திறந்திருந்தது. 1998 ஆகஸ்டில் 149 டாலர் விலையில் வந்த செலரான் 300ஏ புகழ்பெற்றது இவ்வழியில்தான். அதன் பெருக்கி 4.5, பாதை வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். பயாஸில் பாதையை 100 ஆக்கினால், அல்லது இணைப்பு முனைகளுள் ஒன்றை நாடாவால் மறைத்தால், அது 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதே நாளில் 669 டாலருக்கு வெளிவந்த பென்டியம் 2இன் வேகமும் அதுவே. அடிக்கடி தேவைப்படும் தரவை அருகிலேயே வைத்திருக்கும் கேஷ் நினைவகம் செலரானில் 128 கிலோபைட்டே ஆயினும் செயலியின் முழு வேகத்தில் இயங்க, பென்டியம் 2இன் 512 கிலோபைட் பாதி வேகத்தில்தான் இயங்கியது. ஆகவே விளையாட்டுகளில் விலை உயர்ந்ததற்கு மலிவானது ஈடுகொடுத்தது. இன்டெல் தன் சரக்கோடு தானே போட்டியிட்ட விந்தை இது. 2000இல் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் அத்லான், டியூரான் சில்லுகளின் மேற்பரப்பில் துண்டிக்கப்பட்டிருந்த இணைப்புகளைச் சாதாரணப் பென்சில் கோட்டால் சேர்த்துப் பூட்டைத் திறந்தவர்களும் உண்டு.

வேகம் விளையாட்டுக்கு எந்த அளவு உதவும் என்பது வேறு கேள்வி. நொடிக்கு 60 காட்சிகள் வேண்டுமெனில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். அதற்குள் செயலி பாத்திரங்களின் அசைவுகளையும் மோதல்களையும் கணக்கிட்டு, வரையவேண்டியவற்றைக் கிராஃபிக்ஸ் அட்டைக்குச் சொல்கிறது. அட்டையே பின்தங்கினால் செயலியை எவ்வளவு விரட்டினாலும் காட்சி எண்ணிக்கை கூடாது. திரையின் நுணுக்கத்தைக் குறைத்து அட்டையின் சுமையைத் தணிக்கும்போதே செயலி வேகத்தின் பயன் தெளிவாகத் தெரியும்.

செயலி உண்ணும் மின்திறன் துடிப்பு வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருகுவதால், வேகத்துக்காக அழுத்தத்தைக் கூட்டுந்தோறும் வெப்பம் பன்மடங்காகியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ இன்டெல் 2004இல் கைவிட்டது. பின்னர் உறுதியளித்த வேகத்துக்கும் இயலும் வேகத்துக்கும் இடையிலான இடைவெளியைத் தயாரிப்பாளரே எடுத்துக்கொள்ளத் தொடங்கினர். இன்டெலின் 2008ஆம் ஆண்டு டர்போ பூஸ்ட், வெப்பமும் மின்திறனும் இடந்தரும்போது செயலி தானே வேகத்தை உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு. 2010 முதல் பெருக்கி திறந்த செயலிகள் பெயரில் கே என்ற எழுத்தைத் தாங்கிக் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டன. முன்பு தந்திரமாக இருந்தது இப்போது சரக்காயிற்று.

2022இல் வந்த ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி, வேகமே எல்லாம் என்ற நம்பிக்கையை அசைத்தது. அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், மூத்த உடன்பிறப்பான 5800எக்ஸின் 4.7ஐ விடக் குறைவு. ஆனால் மேலே அடுக்கி வைத்த பகுதியையும் சேர்த்து 96 மெகாபைட் ஆன கேஷ் நினைவகத்தால் பல விளையாட்டுகளில் அதையே விஞ்சியது. அந்த அடுக்கு உயர் மின்னழுத்தத்தைத் தாங்காது என்பதால் ஓவர்கிளாக்கிங் பூட்டப்பட்டிருந்தது. எதிர்த்திசையில் 6 கிகாஹெர்ட்ஸையும் எட்டிய இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில, விளையாட்டுகளுக்கு நடுவே செயலிழந்தன. மிகையான மின்னழுத்தம் காரணமெனக் கண்ட நிறுவனம், 2024இல் அழுத்தத்துக்கு 1.55 வோல்ட் வரம்பிட்டு, பாதிக்கப்படக்கூடிய ரகங்களின் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.