மண்ணுக்கு மேலே சென்னை, கீழே தில்லி

இந்தியாவில் எண்ணெயும் எரிவாயுவும் ஒன்றிய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 53ஆம் இனம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எண்ணெய்க் கிணறு தோண்ட வேண்டிய நிலமும், அதில் நடக்கும் வேளாண்மையும், பாயும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில் உள்ளன. 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டமும் அதன்கீழ் வந்த 1959 விதிகளும் இந்த இழுபறிக்கு ஒரு வழி கண்டன: நிலப்பகுதியில் குத்தகை தருவது மாநில அரசு, அதற்கு முன் ஒப்புதல் தருவது ஒன்றிய அரசு, உரிமைத்தொகை மாநிலத்துக்கு. கையெழுத்து சென்னையில், முடிவு தில்லியில். தமிழக முதலமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் எண்ணெய் விவகாரத்தில் பிரதமருக்குக் கடிதம் எழுதுவதும், மத்திய அமைச்சர்களைத் தேடிப் போவதும் இந்த ஏற்பாட்டின் விளைவுதான்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் எல்லா ஊருக்கும் உரியதல்ல. திண்டுக்கல் மாவட்டத்தின் செம்பட்டி, ஆத்தூர் வட்டாரத்தில் கிணறு வெட்டுபவர் வெடி வைத்துத்தான் கீழே இறங்க வேண்டும். திண்டுக்கல் சமவெளியின் அடியில் இருப்பது பழைய கடினப் பாறை. அதில் எண்ணெய் தங்காது. எண்ணெய் தங்குவது கடலோரத்தில் அடுக்கடுக்காகப் படிந்த காவிரிப் படுகையில். ஆத்தூர் அணையிலிருந்து புறப்படும் குடகனாறு அமராவதியில் கலந்து காவிரிக்குப் போய்ச் சேர்கிறது. செம்பட்டிப் பக்கத்து மழைநீர் டெல்டா வரைக்கும் போகிறது. டெல்டாவின் எண்ணெய்த் தகராறு மட்டும் இந்தப் பக்கம் ஏறி வரவில்லை.

1956இல் தொடங்கப்பட்ட எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம், இன்றைய ஓஎன்ஜிசி, 1960களிலேயே காவிரிப் படுகையில் துளையிடத் தொடங்கிவிட்டது. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. கோவில்களப்பால், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று வயல்களின் பெயர்ப்பட்டியல் நீண்டது. 1993இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் கொள்ளளவுள்ள சிறிய சுத்திகரிப்பு ஆலை வந்தது. அந்தக் காலத்தில் எந்தக் கட்சிக்கும் இது சங்கடமான விஷயம் அல்ல. எண்ணெய் என்றால் வேலை, வருமானம், வளர்ச்சி. வேறு மாநிலங்களும் அப்படித்தான் பார்த்தன. அசாமின் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையைப் பீகாரின் பரௌனியில் அமைக்க ஒன்றிய அரசு முடிவு செய்தபோது, அசாமில் 1957இல் பெரும் கிளர்ச்சி மூண்டது. 1962இல் குவாஹாட்டி நூன்மாட்டியில் ஆலை திறக்கப்பட்டது அதன் பலன். அசாம் கேட்டது, எங்கள் எண்ணெய் எங்களிடமே இருக்கட்டும் என்பது. தமிழ்நாடு பிற்பாடு கேட்டதோ அதற்கு நேர் எதிரானது.

திருப்பம் மீத்தேனால் வந்தது. மன்னார்குடிப் பகுதியின் நிலக்கரிப் படிவங்களில் அடைந்துள்ள எரிவாயுவை எடுக்கும் உரிமையை 2010இல் ஒன்றிய அரசு கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு வழங்கியது. தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011 ஜனவரியில், திமுக ஆட்சியின் கடைசி மாதங்களில், மாநில அரசும் அந்நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலக்கரியில் ஒட்டியிருக்கும் வாயு வெளியே வர வேண்டுமானால் அதன்மேல் உள்ள நீரழுத்தம் குறைய வேண்டும். அதற்கு நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்ற வேண்டும். நெல் விளையும் ஊரில், கடலுக்குப் பக்கத்தில், இதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதைத்தான் பேசினார். செம்பட்டிக்கு அருகிலுள்ள காந்திகிராமப் பல்கலைக்கழகம் 2007இல் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்துப் பெருமைப்படுத்திய அவர், 2013 டிசம்பர் 30இல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். அப்போதும் மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தில்தான் இருந்தார். அதே ஆண்டில் ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்தது. 2015இல் அனுமதியில்லை என்று முடித்தது.

மாநிலத்தின் பிடி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கொங்கு நாட்டில் ஒன்றிய அரசு நிறுவனமான கெயிலின் குழாய் காட்டியது. கொச்சியிலிருந்து பெங்களூர் செல்லும் எரிவாயுக் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களின் விளைநிலங்களில் 310 கிலோமீட்டர் பதிக்கப்பட இருந்தது. 2013 மார்ச்சில், வயலில் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. குழாய்ச் சட்டம் ஒன்றியத்தின் சட்டம் என்பதே காரணம். குஜராத்தின் எரிவாயுச் சட்டத்துக்கும் 2004இல் இதே கதிதான் நேர்ந்திருந்தது. ஆணை போட்டால் நீதிமன்றத்தில் நிற்காது என்றான பின், மிச்சமிருந்தது மனுவும் குத்தகைக் கையெழுத்தும்தான்.

அந்தக் கையெழுத்தின் வலிமை புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் தெரிந்தது. 2017 பிப்ரவரி 15இல் ஒன்றிய அமைச்சரவைக் குழு நாடெங்கும் எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கான 31 ஒப்பந்தப் பகுதிகளை ஏலத்தில் எடுத்தவர்களுக்கு ஒதுக்கியது. அவற்றில் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே ஊர் திரண்டது. ஆற்றுப் பாசனம் இல்லாமல் ஆழ்துளைக் கிணற்றை நம்பி நெல்லும் கடலையும் தென்னையும் பலாவும் வளர்க்கும் ஊர் அது. பதவியேற்றுப் பத்துப் பதினைந்து நாள்கூட ஆகாத முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, பிப்ரவரி 27இல் பிரதமரைச் சந்தித்துக் கொடுத்த மனுவில் நெடுவாசலையும் சேர்த்தார். போராட்டக்காரர்கள் மார்ச்சில் பெட்ரோலிய அமைச்சர் தர்மேந்திர பிரதானைத் தில்லியில் சந்தித்தார்கள். இத்தனைக்கும் பிறகு மார்ச் 27இல் ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. மனுக்களால் நிற்காத திட்டம் கடைசியில் நின்றது, ஓஎன்ஜிசி பெயரிலிருந்த குத்தகையை மாநில அரசு புதிய நிறுவனத்துக்கு மாற்றித் தராததால்.

2020 ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய்த் தேடலுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விதியைத் தளர்த்தியது. திரும்பப் பெறக் கோரிப் பழனிசாமி பிரதமருக்கு எழுதினார். ஆனால் இம்முறை கடிதத்தோடு நிற்கவில்லை. பிப்ரவரி 9இல் தலைவாசலில் அறிவித்து, 20ஆம் தேதி பேரவையில் நிறைவேற்றிய சட்டம், தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களையும் புதுக்கோட்டை, கடலூரில் ஐந்தைந்து ஒன்றியங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. தோல் பதனிடும் ஆலை, தாமிர உருக்காலை ஆகியவற்றோடு புதிய எண்ணெய்க் கிணறுகளும் தடை செய்யப்பட்டன. எண்ணெயைப் பற்றிச் சட்டம் செய்ய முடியாத பேரவை, வேளாண்மையைப் பற்றிச் சட்டம் செய்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது, கெட்டிக்காரத்தனமான வழி. ஓட்டையும் இருந்தது: ஏற்கெனவே நடக்கும் பணிகளைச் சட்டம் தொடவில்லை, திருச்சி, கரூர், அரியலூர் மண்டலத்தில் இல்லை. தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய திமுக வெளிநடப்பு செய்தது.

அடுத்த ஆண்டு திமுக ஆட்சிக்கு வந்ததும் அதே சட்டத்தைக் காட்டியே ஸ்டாலின் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2021 ஜூனில் புதுக்கோட்டையின் வடதெருப் பகுதி ஏலத்துக்கு வந்தபோது ஒன்று. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி நிலக்கரிப் பகுதிகள் 101 சுரங்கங்களின் ஏலப் பட்டியலில் வந்தபோது இன்னொன்று. இரண்டாவது கடிதத்துக்கு மறுநாள் பேரவையில் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசின. நான்காம் நாளே நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி மூன்று பகுதிகளையும் விலக்கினார். ஆனால் அறிவிப்பில் அவர் காரணமாகச் சொன்னது பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலையின் கோரிக்கையை. பலனைத் தம் கட்சிக்காரர் கணக்கில் எழுதும் இந்தத் தந்திரம் நம் ஊர் அரசியலுக்கு மட்டும் உரியதல்ல. 2018 ஜனவரியில் அமெரிக்க உள்துறைச் செயலர் ரயன் ஜிங்கி, கடலில் எண்ணெய் எடுக்கும் திட்டத்தை வெளியிட்ட ஐந்தே நாளில், தம் கட்சிக்காரரான புளோரிடா ஆளுநருக்காக அந்த மாநிலத்தை மட்டும் விடுவித்தார். மற்றக் கரையோர மாநிலங்கள் எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டன.

மயிலாடுதுறை தனி மாவட்டமானதால் 2023இல் மண்டலச் சட்டம் திருத்தப்பட்டு அதன் பெயரும் சேர்க்கப்பட்டது. ராமநாதபுரம் மண்டலத்துக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கே 20 சோதனைக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே ஓஎன்ஜிசிக்கு அனுமதி தந்தது 2025இல் வெளியே வந்தபோது, அதைத் திரும்பப் பெறுமாறு ஆணையத்திடம் மாநில அரசு கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில், மாநிலத்தின் கையெழுத்துக்கு இடமளித்த 1948 சட்டத்தைத் திருத்தும் மசோதாவை மக்களவை நிறைவேற்றியிருந்தது.