முழம் முதல் ஒளியலை வரை

கோவைப் பூக்கடைகளில் மல்லிகைச் சரம் இன்றும் முழக்கணக்கில் விற்கப்படுகிறது. எவருடைய முழம்? அளப்பவர் குறியவரானால் சரமும் குறுகும். பூவில் விரற்கடை குறைந்தால் நாம் பொருட்படுத்துவதில்லை. நிலத்திலும் நெசவிலும் குறைந்தாலோ வழக்காகிவிடும். ஆள்தோறும் மாறாத அளவொன்றைத் தேடி மனிதன் நடந்த வழி நெடியது. அதனைச் சிறிது நோக்குவோம்.

ஃபிக்ஹு நூல்களை ஓதியோர் இத்தேடலை அறிவர். பயணத் தொழுகையைச் சுருக்குவதற்குரிய தொலைவை வரையறுக்க வந்த சட்ட மேதைகள், ஃபர்ஸகை மைலாகவும், மைலை முழமாகவும், முழத்தை 24 விரலாகவும் பகுத்தனர். ஒரு விரலுக்குப் பக்கவாட்டில் அடுக்கிய 6 வாற்கோதுமை மணிகள். ஒரு மணிக்கு 6 குதிரை மயிர்கள். பழந்தமிழ்க் கணக்கிலும் 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். ஆக அதே 24 விரல்தான்! விரலுக்கு 8 நெல், நெல்லுக்கு 8 எள் என இறங்கி, மயிர்நுனியையும் கடந்து ‘கதிரெழுதுகள்’ வரை சென்றனர் நம் முன்னோர். வெயிற்கதிரில் மிதந்து தோன்றும் தூசியே அது.

ஆயினும் எல்லா நெல்லும் ஓரளவினவல்ல. எஃகினால் அளந்தால்? 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே பெரும் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1806இல் நம் கோவைப் பகுதியிலும் ஓர் அடிக்கோட்டை அளந்தார். சங்கிலி எஃகினால் ஆனது. எஃகோ வெயிலில் நீளும்; 10 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் மைலுக்கு ஏறக்குறைய 7 அங்குலம் பிசகும். ஆதலால் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று.

பாரிஸ் அருகே காக்கப்பட்ட மீட்டர்ச் சட்டமும் உலோகமே. 1892–93இல் மைக்கேல்சன் என்னும் அறிஞர் அங்குச் சென்று, காட்மியம் ஆவியின் செவ்வொளியை இரண்டாகப் பிரித்து, இரு ஆடிகளில் பட்டுத் திரும்பச் செய்து, மீண்டும் இணைத்தார். ஒளியும் இருளுமான வரிகள் தோன்றின. ஓர் ஆடி அரை அலைநீளம் நகருந்தோறும் ஒரு வரி கடக்கும். அவ்வரிகளைத் துணைக்கொண்டு, ஒரு மீட்டரில் 15,53,163½ அலைகள் அடங்கும் எனக் கண்டார். 1960இல் கிரிப்டான் ஒளியின் 16,50,763.73 அலைநீளமே மீட்டர் என உலக நாடுகள் விதித்தன. 1983 முதல், ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் வெற்றிடத்தில் கடக்கும் தொலைவே மீட்டர்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவும் மீட்டரை ஏற்றது. நம் துணிக்கடைக் கோலுக்கு இன்று ஒளியே சாட்சி. ஆனால் கோலைப் பிடிப்பது மனிதனின் கையன்றோ? அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் ‘முதஃப்பிஃபீன்’ சூராவை ஓதும் நாம், கோல் திருந்தியதோடு நிறைவடையலாகாது. கையும் திருந்த வேண்டும்.